தம் போட்ட பர்கர்

என் முகத்தின் இடது பாதி லீவில் போயிருந்த நாட்களில்தான் நான் முதன்முதலாகப் பர்கர் செய்தேன். அதுவும் கறி இல்லாத பர்கர். ஆம்பூரில் இருந்துகொண்டு கறி இல்லாமல் விருந்து வைப்பது கொஞ்சம் தலைமறைவு வேலை மாதிரிதான். ஆனால் அது புரட்டாசி. எங்கள் வீட்டு வாசல்படியை முட்டைகூடத் தாண்டாத மாதம்.

முகம் எப்படி லீவில் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலையில் பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தேன். நான் துப்புவதற்கு முன்பே தண்ணீர் தானாக இடது கடைவாய் வழியாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. இன்னொரு வாய் வைத்துப் பார்த்தேன். அதுவும் ஒழுகியது. வாஷர் போன குழாய் மாதிரி. கண்ணாடியைப் பார்த்தேன். வலது பக்கம் நான் இருந்தேன். இடது பக்கம் வேறு யாரோ ஒரு ஆள், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கிக்கொண்டிருந்தார்.

சமையலறைக்குப் போய் மனைவி எதிரில் நின்றேன். அவள் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். மறுபடி மாவைக் கரைக்க ஆரம்பித்துவிட்டாள்.

“காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டீங்களா? போங்க, கம்பெனி பஸ்ஸு வந்துடும்.”

“இல்லடி, நெஜமாவே…”

“போன வாரம் உங்க மேனேஜர் மாதிரி பேசிக் காட்டுனீங்க. இந்த வாரம் இது இன்னா, புது அயிட்டமா?”

வாழ்நாள் முழுக்க முகத்தைக் கோணிக் கோணி ஊரைச் சிரிக்க வைத்தவனுக்குக் கிடைத்த கூலி இது. நிஜமாகவே கோணியபோது நம்ப ஆளில்லை. சொம்பை எடுத்து அவள் கண்ணெதிரிலேயே ஒரு வாய் தண்ணீர் வைத்துக் காட்டினேன். தண்ணீர் தாடை வழியாக இறங்கி மாவுப் பாத்திரத்தில் சொட்டியது. அப்போதுதான் அவள் கரண்டியைக் கீழே போட்டாள்.

வேலூருக்குப் பஸ் ஏறினோம். அந்தப் பயணத்தில் நான் செய்த காரியங்களை இப்போது நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. மாதனூர் தாண்டுவதற்குள் எனக்கு நானே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துவிட்டேன். எந்தப் போட்டோ போடுவது என்பதில்தான் சிக்கல். சட்டை நன்றாக இருக்கும் போட்டோவில் தொப்பை தெரியும். தொப்பை தெரியாத போட்டோவில் பக்கத்தில் மைத்துனன் நிற்கிறான். அவனை வெட்டினால் என் காதும் சேர்ந்து போகும். பள்ளிகொண்டா வந்ததும் மனைவி கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பி, உதட்டை அசைத்து ஏதோ வேண்டிக்கொண்டாள். இன்னா வேண்டினே என்று கேட்டேன். “வெளிய சொல்லக் கூடாது. நீங்க பேசாம வாங்க” என்றாள். பேசினால் எச்சில் ஒழுகுகிறது என்பதை அவ்வளவு நாசூக்காகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் புருவத்தைத் தூக்கச் சொன்னார், கண்ணை இறுக்கச் சொன்னார், விசில் அடிக்கச் சொன்னார். வலது பக்கம் எல்லாம் செய்தது. இடது பக்கம் மேஸ்திரி இல்லாத நாள் கூலியாள் மாதிரி சும்மா இருந்தது.

“பயப்படாதீங்க, இது பக்கவாதம் இல்ல. முகத்து நரம்புல வீக்கம். நிறைய பேருக்குத் தானா சரியாயிடும். வாரக் கணக்காகலாம், மாசக் கணக்கும் ஆகலாம்.”

மனைவி அங்கேயே அழுதாள். எனக்கும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயமும் போய்விட்டிருந்தது. இரண்டும் போன இடத்தில் ஒன்றுமே இல்லை. தொட்டால் உணர்ச்சி இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கோ பல் பிடுங்க ஊசி போட்டது போலத்தான் இருந்தது, கன்னத்திலிருந்து உள்ளே ரொம்ப தூரம் வரைக்கும். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு, வாசலில் இரண்டு பேரும் வடை தின்றோம். என் வடையில் பாதி சட்டைக்குப் போனது.

நான் ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங்கில் இருக்கிறேன். பெட்டியில் போவதற்கு முன் ஜோடி பார்ப்பது என் வேலை. இடதும் வலதும் ஒரே உயரமா, தோல் ஒரே நிறமா, தையல் ஒரே கோட்டில் வருகிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒத்து வராத இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். கல்யாணமாவதற்கு முன்பிருந்தே இதுதான் பிழைப்பு. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு மறுபடி வேலைக்குப் போன அன்று, பக்கத்து டேபிளில் இருக்கும் என் தோஸ்த், பல வருஷத்துப் பழக்கமுள்ள பாய், என் முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான். ஒரு அம்பை எடுத்து இடது கன்னத்தில் ஒட்டினான்.

“ஜோடி சேரலபா. பீஸ் ரிஜெக்ட்.”

லைன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்ததும்தான் எல்லாரும் நிறுத்தினார்கள். பாய் அவசரமாக ஸ்டிக்கரைப் பிய்த்தான். மூடாத கண்ணில் தூசி விழுந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்ததால், சரியாகும்வரை வீட்டிலேயே இரு என்று அனுப்பிவிட்டார்கள்.

இதுவரை வந்ததெல்லாம் பெரிய விஷயமில்லை. விஷயம், என் மகள்.

அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். போனைக் கீழே போட்டதில் கேமரா உடைந்துவிட்டது என்று சொல்லி வெறும் குரலில் ஓட்டிக்கொண்டிருந்தேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டால், வாயில் வெற்றிலை என்பேன். நான் வெற்றிலை போடுகிறவனே இல்லை. அவளும் ஆச்சரியப்படவில்லை. அப்பா எது வேண்டுமானாலும் செய்வார் என்று வளர்ந்த பெண்.

மறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, முன் அறைக் கட்டிலில் கிடந்தார். அவ்வளவு நாள் அவர் மடியில் ஏறி விளையாடியவள் அதற்குப் பிறகு அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் பின் பக்கமாகச் சுற்றி வீட்டுக்குள் வருவாள். அவர் போகும்வரை அப்படித்தான். அப்பா அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் கூப்பிடுவதை விட்டுவிட்டார். அவர் வாய் எந்தப் பக்கம் இழுத்திருந்தது என்று எனக்கு இப்போது நினைவில்லை. ஆனால் என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கட்டில்தான் தெரிந்தது. அவள் என்னையும் சுற்றிக்கொண்டு போவாளா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. தெரியாமலே இருந்தாலும் சரி என்றும் இருந்தது.

புரட்டாசி சனிக்கிழமை படையலுக்கு வருகிறேன் என்று சொன்னாள். அந்தப் பதற்றத்தில் என் மூளைக்கு உதித்த யோசனையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பர்கர். பெரிய பர்கரைக் கடிக்கும்போது யார் முகமும் நேராக இருக்காது. கண் ஒரு பக்கம், தாடை ஒரு பக்கம், கடைவாயில் சாஸ். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கடித்துக்கொண்டிருந்தால் யார் நோயாளி என்று டாக்டரம்மாவாலேயே கண்டுபிடிக்க முடியாது. அவள் வாசலில் நுழையும்போது என் வாயில் பர்கர் இருக்க வேண்டும். முதல் பார்வை தாண்டிவிட்டால் மீதியைப் பேசிச் சமாளித்துவிடலாம். இதுதான் திட்டம். ஐம்பதை எட்டிப் பார்க்கிற ஆண்பிள்ளையின் திட்டம்.

“நீ வா, நான் பர்கர் செய்றேன்” என்றேன் போனில்.

“நீயா? பர்கரா? ப்பா, அதுக்கு பன்ன நடுவுல அறுக்கணும். அதாவது தெரியுமா?”

வெங்காயம், பூண்டு சேர்ந்த எதையும் படையல் முடியும்வரை தன் அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். அதனால் பின்கட்டில் கரி அடுப்பு மூட்டினேன். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு விசில் எண்ண மறந்தேன். வெந்ததை மசித்தேன். போனில் பார்த்த சமையல் வீடியோவில் ஒரு பெண் ரொட்டித்தூள் போடு என்றாள். பேக்கரியில் ரஸ்க் வாங்கிப் பொடித்துப் போட்டேன். உப்பு சரியா என்று ஒரு விள்ளலை எடுத்து வாயில் போட்டேன். அது நாக்கின் இடது பாதியில் போய் உட்கார்ந்தது. சுண்ணாம்புச் சுவரை நக்கியது போல இருந்தது. இன்னொரு கை உப்பு அள்ளிப் போட்டேன்.

பிறகு டப்பா மூடி ஒன்றை அச்சாக வைத்து வட்டம் வட்டமாகத் தட்டினேன். அந்த வேலையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கனம், ஒரே சுற்று. இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து ஜோடி பார்த்தேன். ஒன்றுக்குக்கூட அம்பு தேவைப்படவில்லை.

எண்ணெயில் இரண்டு புறமும் புரட்டி எடுத்தால் போதும் என்றாள் வீடியோக்காரி. எனக்கு மனசு ஒப்பவில்லை. பாய்க்குப் போன் போட்டேன். அவன் சனிக்கிழமை ஷிப்டில் இருந்தான். பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

“பாய், தட்டி வச்சிட்டேன். சும்மா வறுத்தா போதும்ன்றா.”

“யாரு?”

“வீடியோல ஒருத்தி.”

“எந்த ஊரு?”

“இன்னா தெரியும்? இந்தில பேசறா.”

“அரே, மேல செவந்துகினு உள்ள பச்சையா இருக்கும்பா. புள்ள ஊர்லேர்ந்து வருது. வயித்தால போனா யாரு பேஜார் படறது? தம் போடு.”

“பர்கருக்கு தம்மா?”

“தம் போட்டு எது கெட்டுப் போயிருக்குது, சொல்லு?”

யோசித்துப் பார்த்தேன். எதுவும் கெட்டதில்லை. ஆம்பூரில் பிறந்தவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் வேறு பதில் வராது. கல்யாண வீடுகளில் பாயோடு சேர்ந்து அடுப்பருகே நின்றிருக்கிறேன். என்ன தப்பு நடந்திருந்தாலும், மூடியைப் போட்டு மேலே நெருப்பை அள்ளி வைத்துவிட்டால் உள்ளே எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை.

பிரியாணி செய்யும் சின்னத் தேக்சாவை இறக்கினேன். அடியில் வறுத்த வெங்காயம், அதன் மேல் பர்கர் வட்டங்கள், அதன் மேல் புதினா கொத்துமல்லி, மறுபடி வட்டங்கள். காய்ந்துவிடக் கூடாதே என்று தயிரைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஊற்றினேன். ஈரத்துணி சுற்றி மூடி போட்டு, மூடி மேல் கரித்துண்டுகளைப் பரப்பினேன். வீடியோக்காரி இதைப் பார்த்திருந்தால் பேசும் பாஷையையே மறந்திருப்பாள்.

“எவ்ளோ நேரம் பாய்?”

“வாசன சொல்லும்.”

வாசனை சொல்லட்டும் என்று காத்திருந்ததில் ரயில் நேரத்தை மறந்தேன்.

“ப்பா! இன்னா இது, கல்யாண வீடு மாதிரி பொகையா இருக்குது?”

பின் கேட்டைத் திறந்துகொண்டு பெட்டியோடு நின்றாள். நான் திரும்பினேன். வாயில் பர்கர் இல்லை, கையிலும் இல்லை. பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டேன்.

அவளும் சிரித்தாள். “போதும்ப்பா. வந்ததும் வராததுமா. நேரா வை மூஞ்ச.”

முகம் அப்படியேதான் இருந்தது.

“ப்பா, நேரா வைன்றேன் இல்ல.”

அவள் காத்திருந்தாள். எப்போதும் நான் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டுத்தான் முகத்தை விடுவேன், அது அவளுக்குத் தெரியும். டாக்டரம்மா சொன்ன பயிற்சியெல்லாம் நினைவுக்கு வந்து, புருவத்தைத் தூக்கினேன். ஒன்று மட்டும் போனது. கரண்ட் போன பிறகும் கொஞ்ச நேரம் சுற்றும் ஃபேன் மாதிரி அவள் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. பிறகு நின்றது.

“தாத்தாக்கு வந்ததா?”

“இல்ல, அது வேற. இது சும்மா நரம்பு வீக்கம். தானா சரியாயிடும்னு டாக்டர் சொன்னாங்க.”

“எப்போலேர்ந்து?”

“விநாயகர் சதுர்த்தி முடிஞ்சி.”

“கேமரா ஒடஞ்சி போச்சின்னியே?”

“கேமரா நல்லாதான் இருக்குது. படம் புடிக்கிற சரக்குதான் ரிப்பேர்.”

நல்ல ஜோக்தான். வேறு நாளாக இருந்தால் பெட்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். இப்போது செய்தி வாசிப்பதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு வருஷமாக என் ஜோக்கெல்லாம் வாயிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி ஜோக்கை இடது புருவம்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது. அது லீவில் இருக்கும்போது நான் சொல்வது எதுவும் ஜோக்கா, நிஜமா என்று என் பெண்ணுக்கே தெரியவில்லை.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அடுப்புக்கும் எனக்கும் பக்கத்தில் வராமல், துளசி மாடத்தின் அந்தப் பக்கமாகச் சுற்றி உள்ளே போனாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று எழுத வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. கரி சாம்பல் பூக்க ஆரம்பித்திருந்தது, விசிறினேன். அவ்வளவுதான்.

மனைவி சத்தம் கேட்டு நெற்றியில் குங்குமத்தோடு வெளியே வந்தாள்.

“அப்பவே சொன்னேன், போன்லயே சொல்லிடலாம்னு. கேட்டீங்களா? எல்லாத்துலயும் ஒரு நாடகம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உள்ள தண்ணிய தொறந்து வுட்டுக்கினு அழுவுது.”

“வெந்திருக்கும். எறக்கிடட்டுமா?” என்றேன்.

என்னைப் பார்த்த பார்வையை வைத்தே அவள் தேக்சாவைச் சூடேற்றியிருக்கலாம். ஆனாலும் குனிந்து, மூடியைப் பிடித்து இறக்க உதவினாள். திறந்ததும் எழுந்த வாசனை இருக்கிறதே, தெருவில் போகிறவன் எந்த வீட்டில் கல்யாணம் என்று கேட்டிருப்பான். உள்ளே எட்டிப் பார்த்தோம். ஒரே கனத்தில், ஒரே சுற்றில் நான் தட்டிய வட்டங்களில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒன்றாகக் கலந்து, நடுவில் ஒரு குமிழி மெதுவாக வெடித்தது.

“இது இன்னாங்க, கூழா?”

“பர்கர்.”

“எங்க?”

நான் கரண்டியால் கிளறிக் காட்டினேன். எதைக் காட்டினேன் என்று எனக்கும் தெரியவில்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று கேட்க நான் போகவில்லை.

படையல் முடிந்து, கற்பூரம் காட்டி, சுண்டலும் புளியோதரையும் தட்டுக்கு வந்த பிறகு, நடு அறையில் சாப்பிட உட்கார்ந்தோம். பேக்கரியில் கிடைத்தது பழத்துண்டு பதித்த இனிப்புப் பன்தான். அதை நடுவில் அறுத்து, உள்ளே அந்தக் கூழை அள்ளி வைத்து, வெங்காயமும் தக்காளியும் அடுக்கி மூடினேன். மூடிய பக்கம் தவிர எல்லாப் பக்கமும் வழிந்தது. நான் வழக்கமாக அறையின் நடுவில்தான் உட்காருவேன். அன்றைக்கு மூலைக்குப் போய், இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சுவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மகள் தலையில் துண்டோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. தன் தட்டை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் போவாள் என்று நினைத்தேன். அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

“தள்ளு.”

“இங்க ஃபேன் காத்து வராதும்மா. அங்க உக்காரு.”

“தள்ளுப்பா.”

நகர்ந்தேன். சுவருக்கும் எனக்கும் நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் தோள் என் தோளில் பட்டது, தோளில் உணர்ச்சி நன்றாகவே இருந்தது. பன்னை இரண்டு கையாலும் பிடித்து ஒரு கடி கடித்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டு என் தட்டையே பார்த்தாள்.

“ப்பா, இது பர்கரா, ஊறுகாயா?”

“ஏன், கம்மியா இருக்குதா உப்பு?”

“அம்மா, நீ இத தின்னாத. உனக்கு ஏற்கெனவே பிரஷரு.”

மனைவி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். “ஐயோ பெருமாளே” என்றாள். அப்புறம் அவளும் அதையேதான் தின்றாள். இனிப்புப் பன்னும் உப்புக் கூழும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே தொண்டையில் இறங்கின என்று பிறகு பாயிடம் சொன்னாளாம். எனக்கு அந்தச் சண்டை பாதிதான் கேட்டது.

நான் வலது பக்கமாக ஒதுக்கி ஒதுக்கிக் கடித்தேன். மகள் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“அவருதான் அப்படின்னா நீயும் சேர்ந்து மறச்சிட்ட இல்ல? நான் யாரு உங்களுக்கு, பக்கத்து வீட்டு ஆளா?”

“உங்கப்பா சொல்ல வுட்டாதானே?”

“திங்கள்கெழம லீவு போடறேன். டாக்டரை நானே பாக்கறேன்.”

“அந்த டாக்டரம்மா வேற ஏதாவது சொல்லிடப் போறாங்கன்னு எனக்கு பயமா இருக்குதும்மா.”

“சொல்லட்டும். இப்போ மட்டும் இன்னா கம்மி பயமா?”

பேசிக்கொண்டே இருந்தவளின் கட்டை விரலில் மசாலா இருப்பதைப் பார்த்தேன். அவள் பன்னிலிருந்து வழிந்தது என்று நினைத்தேன். அவள் அதைத் தன் தட்டின் விளிம்பில் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி மசாலா. அவள் பன்னை அதற்குள் தட்டில் வைத்துவிட்டிருந்தாள். அடுத்த தடவை கவனித்தேன். அம்மாவைப் பார்த்துப் பேச்சை நிறுத்தாமலே, அவள் கை உயர்ந்து என் முகத்தின் இடது பக்கம் வந்தது. பார்வை எட்டாத இடத்துக்குப் போனது. திரும்பி வரும்போது கட்டை விரலில் மசாலா இருந்தது.

எனக்கு எதுவும் படவில்லை. விரலா, காற்றா, ஒன்றும் தெரியவில்லை. கை போவதும் வருவதும் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் வாயை முடிந்தவரை வலது பக்கமாகவே வைத்து, ஒழுகாமல் மென்று பார்த்தேன். அப்புறம் அதை விட்டுவிட்டேன்.